லயத்துப் பேச்சு

இன்றும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம். ஹட்டனில் மாலை வகுப்பு வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் நான் அதைப் படித்தது புத்தகத்தில் மட்டும். ஒரு பிரெஞ்சுக்காரரோடும் இது நடக்கும்வரை பேசியதில்லை.

வினைச்சொற்களை அசை பிரித்துக் கைதட்டிச் சொல்லவைப்பேன். ‘பேசுகிறோம்’ என்பதற்குப் ‘பார்லோன்’. இரண்டு தட்டு, கடைசித் தட்டு அழுத்தமாக. ‘பேசுகிறார்கள்’ என்பதையும் எழுத்துக் கூட்டிப் ‘பார்லென்ட்’ என்று இரண்டாகத் தட்டவைத்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து, தேயிலைத் தொழிற்சாலையை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் செல்வி மட்டும் ‘பார்ல்’ என்று ஒரே தட்டோடு நிறுத்தினாள்.

“கடைசியை முழுங்குறியே, இதென்ன லயத்துப் பேச்சா?” என்றேன்.

“அவங்க அப்படித்தான் சொல்றாங்க சார்.”

“யாரு, ஒங்க லயத்து ஆளுகளா?”

வகுப்பே சிரித்தது. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் எல்லோரையும் அந்தத் தொழிற்சாலைக்கே கூட்டிப்போனேன். அங்கே வந்திருந்த பிரெஞ்சுத் தம்பதியிடம், கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த பெண்களைக் காட்டி, “இவர்கள் தமிழ் பேசுகிறார்கள்” என்று பிரெஞ்சில் சொன்னேன். இருவரும் விழித்தார்கள். அதையே செல்வி, வினைச்சொல்லைப் ‘பார்ல்’ என்று ஒரே தட்டில் நிறுத்திச் சொன்னாள். உடனே புரிந்துகொண்டு, அவள் சொன்னபடியே திருப்பிச் சொன்னார்கள். யாரிடம் படித்தாய் என்று அந்த அம்மா கேட்டார். செல்வி கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கைகாட்டினாள்.

உச்சரிப்பை மறுநாளே திருத்திக்கொண்டேன். அது பெரிய விஷயமில்லை. அக்கரப்பத்தனை லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு பெண்ணை மட்டந்தட்ட அந்த வார்த்தைதானா கிடைத்தது?