ரெஃப்ரியின் கால் அளவு

அன்று காலை எழுந்ததிலிருந்து என் கவலையெல்லாம் வலது கால் சுண்டு விரலைப் பற்றித்தான். சாயங்காலம் வாலிபால் ஃபைனல். நான்தான் ஃபர்ஸ்ட் ரெஃப்ரி. மெயின்லாண்டிலிருந்து கப்பலேறி வந்திருந்த பரீட்சகர் நான் ஆட்டம் நடத்துவதைப் பார்த்து பாஸா ஃபெயிலா என்று சொல்லப்போகிறார். பாஸானால் பேட்ஜ் கிடைக்கும். பேட்ஜ் இருந்தால்தான் மெயின்லாண்டில் நடக்கும் பெரிய மேட்சுகளுக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் போர்ட் பிளேயர் மைதானத்தில் ஆபீஸ் டீம்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்னொரு பரீட்சகர் எப்போது இந்தப் பக்கம் வருவார் என்று யாருக்கும் தெரியாது.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. நான் அப்போது ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிளார்க். இப்போது ரெஃப்ரியாக விசில் பிடிக்கும் பிள்ளைகள் என்ன ஷூ வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எப்படி வாங்கக் கூடாது என்று நன்றாகத் தெரியும்.

எட்டாம் நம்பர்

என்னிடம் ஒரு பழைய பிரவுன் கேன்வாஸ் ஷூ இருந்தது. இரண்டு மழைக்காலம் தாங்கியது. முன்பக்கம் நைந்து, ஓரத்தில் நூல் தொங்கும். போட்டால் காலில் எதுவும் இருப்பதாகவே தெரியாது. அதைப் போட்டுக்கொண்டுதான் எல்லா மேட்சும் நடத்தினேன். ஆட்டக்காரர்களே பாதிப் பேர் வெறுங்காலில் ஆடுவார்கள். ரெஃப்ரி காலை யார் பார்க்கப்போகிறார்கள்?

பரீட்சகர் வரும் செய்தியோடு ஒரு உத்தரவும் வந்தது. வெள்ளை பேண்ட், வெள்ளை சட்டை, வெள்ளை ஷூ. பழைய ஷூவுக்கு வெள்ளைச் சாயம் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் பழைய சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

அபர்டீன் பஜாருக்கு ஓடினேன். அங்கே செருப்புக் கடை அண்ணாச்சி அலமாரியைத் திறந்து காட்டினார்.

"ஆறு இருக்கு, பத்து இருக்கு. எட்டு அடுத்த கப்பல்லதான் வரும்."

"அடுத்த கப்பல் எப்போ அண்ணாச்சி?"

"அது கப்பலுக்குத்தான் தெரியும். ஆறைப் போட்டுப் பாருமேன். கேன்வாஸ்தானே, இளகிடும்."

ஆறாம் நம்பரில் என் குதிகால்கூட நுழையவில்லை. பத்தாம் நம்பருக்குள் கோழி வளர்க்கலாம்.

சென்னையிலிருந்து வந்த ஜோடி

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஷூ வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. காகிதத்தில் காலை வைத்து, சுற்றிக் கோடு போட்டு, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். அவர் கடையில் அந்தக் காகிதத்தின் மேல் ஷூவை வைத்துப் பார்த்து, சரியாக இருப்பதை வாங்கி வருவார். எங்கள் வெல்டர் அந்தோணி லீவில் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆபீஸிலேயே என் நாற்காலியில் உட்கார்ந்தபடி அளவு போட்டுக் கொடுத்தேன்.

மேட்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் கப்பல் வந்தது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஃபிக்கர் மத் கரோ முருகேசா, கவலைய விடு, கோடு பிசகாம பார்த்து வாங்கியிருக்கேன்" என்று ஷூவை நீட்டினார். தும்பைப்பூ வெள்ளை. காகிதத்தின் மேல் வைத்தால் மயிரிழை கூடக் குறையவில்லை.

மரைன் ஹில் வீட்டில் போட்டு நடந்து பார்த்தேன். கதவு வரைக்கும் நன்றாக இருந்தது. மேட்டில் ஏறி இறங்கியதும் சுண்டு விரல் எரிந்தது. என் மனைவி ராஜாத்தி காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க, செவந்து போச்சு. அந்தப் பழசையே போட்டுட்டுப் போங்க. விசில் வாயிலதானே ஊதுறீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வந்திருக்கிறவரு ஷூவைத்தான் முதல்ல பார்ப்பாரு."

"அப்போ ஓரத்துல பிளேடால கொஞ்சம் கீறி விடவா? வெள்ளை சாக்ஸ்தானே, உள்ள தெரியாது."

மெட்ராஸிலிருந்து கடல் தாண்டி வந்த ஷூவைக் கீறுவதா என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஸ்டாண்டின் மேல்

ஃபர்ஸ்ட் ரெஃப்ரி நெட்டுக்கு ஒரு பக்கம், உயரமான ஸ்டாண்டில் ஒரே பலகையின் மேல் நிற்க வேண்டும். நடக்க முடியாது, உட்கார முடியாது. கண் எப்போதும் நெட்டின் மேல் நாடாவில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கீழே அம்பயராக பிஸ்வாஸ் நின்றார். வங்காளி, என்னோடு பல வருடம் விசில் பிடித்தவர். ஒர்க்‌ஷாப் டீமும் காட்டிலாகா டீமும் ஆடின.

முதல் செட் பாதியிலேயே சுண்டு விரலில் வலி ஆரம்பித்துவிட்டது. நின்றுகொண்டே இருந்ததில் கால் வீங்கி, ஷூ இடுக்கியாகப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் வலி போய் மரத்துப்போனது. அது இன்னும் பயம். பலகையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. விழுந்துவிடுவேனோ என்று அடிக்கடி கீழே குனிந்து பார்த்தேன். இடது காலில் நின்றேன், வலது காலில் நின்றேன். பரீட்சகர் ஸ்கோர் மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது செட்டில் காட்டிலாகா ஆள் ஸ்மாஷ் அடித்தான். பிளாக் போட்டவன் கையில் பட்டு வெளியே போனதா, படாமல் போனதா? அந்த நொடியில் நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கத்தினார்கள். பிஸ்வாஸைப் பார்த்தேன். அவருக்கும் ஆள் மறைத்திருக்கிறது. லைன்ஸ்மேனும் தெரியாது என்று தலையாட்டினான். வேறு வழியில்லாமல் மறுபடி ஆடச் சொல்லி ரீப்ளே கொடுத்தேன்.

"அரே, ரெஃப்ரி ஸோ கயா க்யா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். ரெஃப்ரி தூங்கிவிட்டானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வராத குறை.

செட் முடிந்ததும் இறங்கினேன். பிஸ்வாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷூவைப் பார்த்தார். "உதாரோ" என்றார், கழற்று என்று. கழற்றினால் மறுபடி உள்ளே போகாது என்றேன். அவர் நெட் கயிறு அறுக்கும் கத்தியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

மேஜைப் பக்கம் திரும்பினேன். பரீட்சகர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்ஜ் போனாலும் போகட்டும், இன்னொரு செட் இப்படி என்னால் நிற்க முடியாது என்று தோன்றியது. குனிந்து இரண்டு ஷூவிலும் ஓரத்தைக் கீறினேன். விரல்களுக்கு உயிர் வந்தது.

அதற்கப்புறம் மூன்று செட். கால் ஒன்று எனக்கு இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. கடைசி செட்டில், பதிமூன்றுக்குப் பதிமூன்றில், எங்கள் ஒர்க்‌ஷாப் கேப்டனின் விரல் நுனி நெட் நாடாவை உரசியதைப் பார்த்து விசில் அடித்தேன். என் சொந்த டீம். கேப்டன் முறைத்தான். பிறகு தொட்டதை ஒத்துக்கொண்டு கையை உயர்த்தினான். அடுத்த பாயிண்டையும் எடுத்துக் காட்டிலாகா ஜெயித்தது.

அரை மார்க்

கூட்டம் கலைந்த பிறகு பரீட்சகர் கூப்பிட்டார். போனேன்.

"மூணாவது செட்லேர்ந்து நீங்க நடத்தினது ஃபர்ஸ்ட் கிளாஸ். கடைசில அந்த நெட் டச் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா நான் மார்க் போட வேண்டியது முழு மேட்ச்சுக்கும். முதல் ரெண்டு செட்ல நீங்க நெட்டைப் பார்த்ததைவிடக் காலைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. ஸாரி மிஸ்டர் முருகேசன், பாஸ் போட முடியாது."

அவரே கேட்டார்.

"ஷூவுக்கு அளவு எப்படிக் கொடுத்தீங்க?"

"காகிதத்துல கால் வச்சு, கோடு போட்டு சார்."

"நின்னுக்கிட்டா, உட்கார்ந்துக்கிட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிளார்க்கின் காலுக்கு அளவு கொடுத்திருக்கிறேன். உடம்பு பாரமெல்லாம் இறங்கிப் பரந்து நிற்கும் ரெஃப்ரியின் கால் வேறு. அந்தோணி மேல் பிழையில்லை, கடைக்காரர் மேலும் பிழையில்லை.

போகும்போது மனசு கேட்காமல் ஒன்று கேட்டேன். "சார், என்கிட்ட பழைய பிரவுன் ஷூ ஒண்ணு இருக்கு. அதைப் போட்டு வந்திருந்தா?"

அவர் என் ஷூவைப் பார்த்தார். "டிரெஸ்ஸுக்கு அரை மார்க் கொறச்சிருப்பேன்."

அவ்வளவுதான். அரை மார்க்குக்குப் பயந்து பேட்ஜை விட்டேன். அடுத்த பரீட்சகர் வர நான்கு வருடம் ஆனது.

அதனால் பிள்ளைகளே, ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்ற காலோடு. சாக்ஸ் போட்டு, இரண்டு காலிலும் மாட்டி, கடைக்காரர் முகம் சுளிக்கும் வரை நின்று பாருங்கள். அவர் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் பழசைப் போடச் சொன்னால் பேசாமல் போட்டுக்கொண்டு போங்கள்.