துடக்கோடு போன கதிர்காமம்

பென்சன் எடுத்த கையோடு நான் செய்த முதல் வேலை ஒரு பழைய லொறி வாங்கியது. மருதானையில் ஒரு கராஜில் விட்டு அதன் முதுகில் மரப்பெட்டி ஒன்று கட்டுவித்தேன். உள்ளே படுக்க இரண்டு பலகை, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், யன்னலுக்குச் சீத்தைத் துணியில் திரை. கந்தோர்க் கதிரையில் இருந்து இருந்து மரத்துப்போன மனிதனுக்கு ஊர் சுற்ற ஆசை வந்தால் இப்படித்தான் தலைகால் தெரியாமல் ஆடுவான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையே கூடி நின்று சிரித்தது. என் மனைவி அந்த லொறியை "உங்கடை இரண்டாம் தாரம்" என்பாள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன் என்றால் என் புத்தியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் எங்கள் ஒரே மகனின் மனைவிக்கு முதல் பிள்ளைப்பேறு. வழக்கப்படி அவள் கொட்டாஞ்சேனையில் தாய்வீட்டில் இருந்தாள். பிள்ளை பிறந்தால் தகப்பன்வழிக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. என் மனைவிக்கோ நல்லபடி பேறு நடக்கவேண்டுமென்று கதிர்காமக் கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன். பிள்ளை பிறக்க இன்னும் நாள் கிடக்கிறது, துடக்கு வருவதற்கு முன் ஓடிப்போய் நேர்த்தியை முடித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது நேர்த்தி அல்ல, லொறி ஓட்ட ஒரு சாட்டு.

"இந்த நேரத்திலை கொழும்பை விட்டுப் போறது சரியில்லையப்பா," என்றாள்.

"நீர் என்ன மருத்துவிச்சியே? கும்பிட்டிட்டு ஓடி வந்திடலாம்."

மகனும் வந்து லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்கை தங்குவீங்கள் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ அப்பா. அவசரமெண்டால் தந்தி அடிக்கலாம்."

"வீடே என்னோடை வருது. எனக்கென்னடா விலாசம்?" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போய், மாத்தறை வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ரெஸ்ற் ஹவுஸ் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கடற்கரையில் லொறியை நிறுத்துவது, அவள் இடியப்பம் அவிப்பது, காற்றில் காலை நீட்டிக் கிடப்பது. கலியாணம் கட்டிய புதிதில்கூட நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை.

திஸ்ஸமகாராமையில் லொறியை விட்டுவிட்டு மாட்டுவண்டியில் கதிர்காமம் போனோம். மாணிக்க கங்கையில் முழுகி, அடியார்களுக்குச் சோறு போட்டு, சந்நிதியை மறைத்த திரைச்சீலைக்கு முன்னால் நின்றோம். அவள் கண்ணீர் விட்டு அழுதபடி, பிள்ளை சுகமாகப் பிறக்கவேண்டும் என்று கேட்டாள். பிறகு உடனே வீட்டுக்குத் திரும்பச் சொன்னாள். நான் கேட்டால்தானே. "வந்ததுதான் வந்தம், பதுளையையும் பாத்திட்டுப் போவம்," என்று லொறியை மலைக்கு ஏற்றினேன். மலைப்பனியில் ஒரே போர்வைக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் முகம் மலர்கிறது. மலர்ந்த கையோடு சுருங்கியும் போகிறது.

திரும்பி நேரே கொட்டாஞ்சேனைக்குத்தான் போனேன். சம்பந்தி வீட்டு ஒழுங்கைக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டே நுழைந்தேன். சனம் கூடியது. எனக்கு அதுபோதும். லொறிப் படியில் நின்று கதிர்காமத் திருநீறை வருவோர் போவோருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். அடுத்த வீட்டு அம்மா ஒருவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு கேட்டார்: "பேரனைப் பாக்க வந்தனீங்களோ?"

"எந்தப் பேரன்?"

"நல்ல கதை! நீங்கள் வெளிக்கிட்ட அடுத்த நாளே பிறந்திட்டானே. உங்கடை மோன் பொலிசுக்கும் சொல்லி எவ்வளவு தேடினவர்!"

சொல்லி முடித்ததும்தான் அவருக்கே உறைத்தது. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராகத் துடைத்தார்கள். துடக்குக்காரன் கையால் வாங்கிய திருநீறு அல்லவா. "கேள்விப்பட்ட பிறகுதானே துடக்கு," என்று நான் சட்டம் பேசிப் பார்த்தேன். துடைக்கிற கை ஒன்றும் நிற்கவில்லை. என் மனைவியின் முகத்தில் இரத்தமே இல்லை. பிறந்துவிட்ட பிள்ளைக்காக, துடக்கோடு போய், சந்நிதியில் நின்று அழுதிருக்கிறாள். அந்த ஒழுங்கை அப்படியே பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

சம்பந்தியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நித்திரையில்லாத கண்கள். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, துணிச் சுருளுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. என் மனைவி பின்னுக்குப் போனாள்.

"நான் தொடமாட்டன் மச்சாள். தெரியாமல் கோயிலுக்குள்ளை போய்ப் பிழை விட்டிட்டம். பிள்ளைக்கு ஏதும் வந்திடும்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ மச்சாள். நான் முழுகிப்போட்டு நாளைக்கே கோயிலுக்குப் போகலாம். எனக்குத் துடக்கில்லை. துடக்கு உங்களுக்குத்தான். பிள்ளை உங்கடையெல்லோ," என்று சொல்லிக் குழந்தையை அவள் கையில் வைத்தார்.

அவர் குத்திக் காட்டவில்லை. குத்தியிருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. வலி கண்ட மகளுக்குப் பக்கத்தில் இருந்ததும், இந்தப் பூஞ்சைப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுத்துப் பிழைக்க வைத்ததும் அவர். பிள்ளையின் உரித்து மட்டும் எங்களுக்கு. அதை உலக வழக்கம்போல, மனத்தாங்கல் இல்லாமல் சொன்னார்.

"அண்ணையும் வாங்குங்கோவன்," என்றார் பிறகு.

வாங்கினேன். அந்த மனுஷியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பேரனிலை எவ்வளவு ஆசை பாருங்கோ, கண்ணெடுக்கிறாரில்லை," என்று ஒழுங்கையில் யாரோ சொன்னார்கள்.