நார்த்தாமலைக்கு மூன்று முகமூடிகளோடு

திருச்சியிலிருந்து நார்த்தாமலை நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு நான் ஒரு வாரமாகத் தயாரானேன்: மூன்று முகமூடிகள், கையுறை, ஒரு புட்டி கிருமிநாசினி. அண்ணன் மகள் தேன்மொழி, எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ்களை ஆராய்கிறவள். எலி பிடிக்கப் போக அவளுக்குக் கார் வேண்டும். கார் என்னுடையது. ஆகவே போகப்போகிற உயிரும் என்னுடையது.

பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினோம். கீரனூர் வருவதற்குள் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரே வைரஸ் இல்ல சித்தப்பா. வீட்டெலிக்கு ஒண்ணு, வயலெலிக்கு ஒண்ணு. அந்த ஒண்ணே ஊருக்கு ஊர் மரபணுவில மாறியிருக்கும். அதான் எந்த ஊர் எலிங்கிறது முக்கியம்.”

“எது ஆளைக் கொல்லும்?”

“முக்காவாசி ஒண்ணும் பண்ணாது. எது பண்ணும்னு கண்டுபிடிக்கத்தானே போறோம். மூடின எடத்துல எலிப் புழுக்கைத் தூசிய மூச்சுல இழுத்துறாதீங்க, போதும்.”

போதுமாம்! மூச்சை விட்டுவிட்டு வேறு எதில் இழுப்பது?

நான்கரைக்கு நார்த்தாமலை. யானை முதுகு போலப் பாறைக் குன்றுகள், மேலே சோழர் கோயில். நான் ஏறவில்லை. ஏறினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் தூசி உள்ளே போகும். கோயிலுக்குக் கீழிருந்தே, முகமூடியோடு, ஒரு கும்பிடு.

மீனாள் என்ற விவசாயி தன் நெல் கொட்டகையில் பொறி வைக்க இடம் கொடுத்தார். நான் வாசலிலேயே நின்று கத்தினேன்: “எலி எங்கிட்டு வரும்ங்க?”

மீனாள் பதறிப்போய் வாயில் விரல் வைத்தார். “அண்ணே! பொறி வைக்கையில அது பேரைச் சொல்லலாமா? அதுக்குக் காது கேக்கும். இனி ஒண்ணும் விழுகாது, பாருங்க.”

“எலிக்குத் தமிழ் தெரியுமாக்கும்?”

“மறுபடி சொல்றாரு பாரு! ஆத்தா தேனு, ஒங்க சித்தப்பாவ அங்கிட்டுக் கூட்டிப் போ.”

கருவாட்டுத் துண்டு மாட்டிய நான்கு பொறிகளை இருவரும் வாயே திறக்காமல் வைத்தார்கள். எனக்கு வீட்டுக்குள் பாய் விரித்திருந்தார் மீனாள். நானாவது படுப்பதாவது! ஐந்தாவது பொறியைக் கேட்டு வாங்கி, காரின் பின் இருக்கையில் காவலுக்கு வைத்தேன். முன் இருக்கையில் சாய்ந்து கண்ணாடிகளை ஏற்றினேன். அப்பாடா என்று முகமூடியைக் கழற்றி, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துவிட்டுத் தூங்கினேன்.

காலை ஆறு மணிக்குக் கார்க் கண்ணாடியை இறக்கினேன். கொட்டகைப் பொறிகள் நான்கும் காலி. “நான் சொல்லல?” என்றார் மீனாள். தேன்மொழியின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் என் தலைக்குப் பின்னால் கீச்சென்று ஒரு சத்தம். காரிலிருந்து நான் இறங்கினேன் என்று சொல்ல முடியாது, விழுந்தேன்.

“வாயை மூடிக் கெடந்தீங்கல்ல, அதான் விழுந்திருச்சு!” மீனாளுக்குப் பரம சந்தோஷம்.

தேன்மொழி கையுறை மாட்டி, முகமூடி போட்டு, இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்தாள். கிழிந்த பஞ்சு, பொடிப்பொடியாய்க் கடித்த காகிதம், காய்ந்து வெளுத்த புழுக்கைக் குவியல். ஒரு இரவுச் சம்பாத்தியம் இல்லை அது.

“சித்தப்பா, இது மாசக்கணக்கா குடியிருக்கு. இது நார்த்தாமலை எலி இல்ல, திருச்சி எலி. எனக்கு ஒதவாது.”

மாதக்கணக்கில்! ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றி, தினமும் அந்தக் காற்றில்தான் நான் பாட்டுப் பாடிக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறேன்.

“எங்க ஊர்ல இல்லாத குறைக்கு நீங்க வேற கொண்டாந்தீங்களாக்கும்?” என்றார் மீனாள்.

தேன்மொழி இன்னொரு நாள் தங்கிப் பொறி வைப்பதாகச் சொன்னாள். நான் இல்லாமல். காரைக் கழுவித் துடைத்து அவளே கொண்டு வருவாளாம். “காய்ச்சல் வந்தா மட்டும் டாக்டர்ட்ட போங்க. வராது, பயப்படாதீங்க” என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. மூன்று முகமூடிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டியிருந்தேன். எப்படியோ ஒரு சீட்டின் ஓரம் கிடைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஒடம்புக்கு ஏதும் முடியலைங்களா?” என்றார்.

“இனிமேதாங்க தெரியும்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கீரனூரில் அவர் இறங்கிவிட்டார். அவருடைய டிக்கெட் திருச்சிக்கு.