உதறாத துப்பாக்கி

கோயமுத்தூர்க் கடையில் என் மகள் குறிபார்த்துச் சுடும் போட்டிக்குத் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் வைத்ததா, கேஸ் சிலிண்டர் வைத்ததா என்று முடிவாகவில்லை. கடைக்காரர் சிலிண்டரைத் திறந்து காட்டியதும் உஸ்ஸென்று சத்தம் வந்தது. எனக்குக் கை வேர்த்துவிட்டது.

சின்ன வயதில், காங்கேயத்தில் எங்கள் ஊட்டுக்குள் இதே சத்தம் கேட்டது. தம்பி தூங்கிய தொட்டிலுக்குக் கீழே நாகம் படமெடுத்து நின்றது. மாமா, கிளி விரட்டும் ஸ்பிரிங் துப்பாக்கியை நீட்டிவிட்டார்.

"சுட்டுப்போடாதே கண்ணு, சாமி அது!" என்றாள் அம்மா.

மாமாவும் விசையை இழுக்கவில்லை. "சுடறப்ப இது உதறுமுக்கா. குறி தப்புனா புள்ள மேல பட்டுரும்."

அம்மா நாகத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "மாரியாத்தா, கொழந்தை தூங்குதுங்க. போயிட்டு வாங்க."

"வரச் சொல்லாதக்கா!" என்று மாமா பல்லைக் கடித்தார்.

மாரியாத்தா கேட்டுக்கொண்டாள். நாகம் படத்தை இறக்கி, மெல்லத் தண்ணீர் போகும் சலதாரை வழியாக வெளியேறியது. தம்பி புரண்டுகூடப் படுக்கவில்லை.

கடையின் பின்புறம் மகள் இரண்டு துப்பாக்கியிலும் குறி அட்டையைச் சுட்டுப் பார்த்தாள்.

"எது உதறல கண்ணு?"

"கேஸ் வெச்சதுங்கம்மா. துளிகூட அசையல."

"அதையே எடுத்துக்க."

"அட்டையத்தானுங்கம்மா சுடப்போறேன், ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"அட்டைக்குப் பக்கத்துலயும் யாராச்சும் பெத்த புள்ள நிக்கும் கண்ணு," என்றேன்.