சனாவுல்லா வீட்டுப் பின்சுவர்

மூட்டையை அவிழ்த்ததும் சனாவுல்லா முதலில் மோந்து பார்ப்பார். சாய வாடை அடித்தால் துணி இடப்பக்கம் போகும், வெறும் பஞ்சு வாடை என்றால் வலப்பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகள் வெட்டி எறியும் துண்டுகள்தான் அவர் வியாபாரம். வெள்ளை மறுபடி நூலாகும். கலர்த் துணி மெஷின் துடைக்கப் போகும். இரண்டுங்கெட்டான் துண்டு ஒன்று கையில் சிக்கிவிட்டால் அன்றைக்கு வேலை நின்றுவிடும். "இது வெள்ளைங்களா, ரோஸுங்களா?" என்று வந்தவரையெல்லாம் கேட்பார்.

சேவூர் வழியில் இருக்கும் அவர் வீட்டின் பின்சுவரும் பிறர் கழித்ததுதான். பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் மேட்டின் ஓரத்தைச் சமப்படுத்தியபோது அகலமான பழைய செங்கற்கள் கிளம்பின. "ஏரு மாட்டுது, தூக்கீட்டுப் போங்க பாய்" என்றார். சனாவுல்லா அள்ளி வந்து கட்டினார்.

எண்பத்தெட்டில் அந்த மேட்டைத் தோண்டிப் பார்க்கத் தொல்லியல் துறைக் குழு ஒன்று வந்தது. தண்ணீர் கேட்டு வந்த அதிகாரி, பூசாத சுவரைக் கண்டதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு பாய். அங்க ஒரு நகரமே இருந்திருக்கு."

சனாவுல்லா சுவரை விட்டு ஓரடி தள்ளி நின்றார். "அப்ப இது அவங்க கல்லுங்களா?"

"அவங்களும் எடுத்து வந்ததுதான். பாருங்க, கல்லுல பழைய பூச்சு மேல இன்னொரு பூச்சு. இன்னும் பழைய வீட்டை இடிச்சுக் கட்டியிருக்காங்க."

"அப்ப யாருதுங்க?"

அதிகாரி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சனாவுல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அந்த ஆபீசரு கல்லைத் திருப்பிக் கேக்கவே இல்லீங்களே" என்றாள் மனைவி ஜெய்புன்னிசா.

"கேக்கலீன்னா வேண்டாம்னு அர்த்தமா?"

"எனக்கென்னுங்க தெரியும்?"

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர் கடப்பாரையை எடுத்துப் பின்சுவரைப் பெயர்த்தார். சிமெண்ட் பிடித்த கற்களில் பாதி நொறுங்கின. மிச்சத்தை வண்டியில் ஏற்றி மேட்டுக்குத் தள்ளிப் போனார். அங்கே குழியும் இல்லை, குழுவும் இல்லை. மூடிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். மாரப்பன் சோளம் விதைத்திருந்தார்.

"இங்க கொட்டிப்போடாதீங்க பாய்!"

"பின்ன எங்கீங்க கொட்டறது?"

மாரப்பன் சனாவுல்லா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

வண்டி திரும்பியது. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. பின்பக்கம் திறந்து கிடந்த வீட்டில் ஜெய்புன்னிசா அரிசி மூட்டையை நடு அறைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். சனாவுல்லா மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

மறுநாள் மிஞ்சிய கற்களால் சுவரை மறுபடி எழுப்பக் கொத்தனார் நல்லான் வந்தார். சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கப் போனவரைச் சனாவுல்லா தடுத்தார்.

"மண்ணே போதுமுங்க."

"மழைக்குத் தாங்கோணுமில்லீங்க பாய்?"

"மேல ஓட்டை வெளிய நீட்டி எறக்கிப் போட்டுக்கலாமுங்க. அடுத்தாப்புல இந்தக் கல்லை எடுக்கறவங்க ஒடைக்காம எடுக்கோணுமில்லீங்க?"

"யாருங்க எடுக்கப்போறாங்க?"

சனாவுல்லா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழைத்த மண்ணில் இறங்கி மிதிக்கத் தொடங்கினார்.