வினிகரில் குடித்தனம்

நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்திக்கு எங்கள் தெருவில் மீன்காரம்மா என்று பெயர். சமைக்கிற மீனில்லை, வளர்க்கிற சண்டைமீன். பால்கனி முழுக்க அவளுடைய கண்ணாடித் தொட்டிகள்தான். துணி காயப்போட எனக்கு ஒரு கொடிகூட மிச்சமில்லை.

அன்றைக்கு அவளுடைய கருநீல ஜோடியின் குஞ்சுகளுக்கு, முட்டையிலிருந்து வயிற்றில் கொண்டுவந்த கரு உணவு தீர்ந்திருந்தது. தகப்பன் மீனுக்கு வயதாகிவிட்டது, இனி முட்டைகளைக் காக்க நுரைக்கூடு கட்டாது. பல வருடம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த நிறம் அது. இந்தக் குஞ்சுகள் பிழைத்தால்தான் உண்டு. அந்தக் குட்டி வாய்க்குள் போகிற தீனி வீட்டில் ஒன்றுதான்: இரண்டு பாட்டில் வினிகரில் அவள் வளர்த்த நூல்போன்ற புழு. அது வினிகரைத் தின்பதில்லை. அதில் வளரும் நுண்ணுயிர்களைத் தின்று, முட்டையிடாமல் குட்டி போட்டுப் பெருகும். மனிதருக்கு ஒரு கெடுதலும் செய்யாது.

மகள் வீட்டிலிருந்து காலையில்தான் வந்து இறங்கிய எங்கள் மாமியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அடுப்படியில் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். உள்ளே நெளிகிறது.

“கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான். வீணாக்குவானேன்னு பக்கெட்ல ஊத்தி, அடைச்சுக் கிடந்த ஷவரை ஊறப் போட்டேன்.”

நான் காலி பாட்டில்களை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். “ரெண்டு பாட்டிலுமா அத்தை?”

“ரெண்டும்தான்,” என்றார் பெருமையாக.

அக்கா இடிந்துபோய் உட்காருவாள் என்று பார்த்தால், பக்கெட் முன்னால் குந்தி டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

“செத்திருக்குமேக்கா?”

“புளிப்புலயே குடித்தனம் பண்றது இது. ஷவர் அழுக்குக்கா மண்டையைப் போடும்? போய் பஞ்சு எடுத்துட்டு வா.”

அலட்டிக்கொள்ளவே இல்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. வினிகரை அழுக்கு மட்டும் போகத் துணியில் வடிகட்டி, நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் ஊற்றினாள். கழுத்தில் பஞ்சை அடைத்து அதன்மேல் நல்ல தண்ணீர் விட்டாள். புழுவுக்குக் காற்று வேண்டுமாம். பஞ்சுக்குள் நுழைந்து மேலே வந்தே தீருமாம்.

“வரலைன்னா?”

“வரும்.”

மாலை வெயில் பால்கனிக்கு வந்தபோது பாட்டில் கழுத்தில் தண்ணீர் கலங்கியிருந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் புழு. அக்கா சொட்டுக்குழாயில் உறிஞ்சித் தொட்டியில் விட்டாள். நல்ல தண்ணீரிலும் அவை உடனே சாவதில்லை. அடியில் படியாமல் மேலேயே நீந்தும். குஞ்சுகள் தொங்குவதும் அங்கேதான். கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற அந்த வயிறுகள் ஒவ்வொன்றாக வெளுத்து உப்பின.

மாமியார் மூக்குக்கண்ணாடி தொட்டியில் இடிக்கக் குனிந்து நின்றார்.

“ஏம்மா, அந்த ஓரத்துல ஒண்ணு ஒதுங்கியே நிக்குது. அதுக்கு யாரும் போடலையே?”

அக்கா சொட்டுக்குழாயை அவர் கையில் கொடுத்தாள்.