வெடித்த வயலுக்குத் தண்ணீர் விட்டவன்

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன ஏரிக்கு நான் நீர்க்கட்டியாக இருந்தேன். மதகைத் திறந்து, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்த்து மடை மாற்றுவது என் வேலை. படிப்பு ஐந்தாவதோடு சரி. நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. மண்வெட்டியோடு தனியாக நடக்கும் வேலை என்பதாலேயே அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிய காலம் அது. விவசாய ஆபீசுக்குப் புதிதாக ஒரு அலுவலர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒற்றை நாற்று நடவைச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. இளநாற்றை ஒவ்வொன்றாகச் சதுரமாக நட வேண்டும், தண்ணீர் கட்டி நிற்கக் கூடாது என்றார். ஊரில் சிரித்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் ஒத்துக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் கம்பெனியில் செக்யூரிட்டி. "இந்தப் போகம் தேறலன்னா நிலத்தை வித்துடலாம்" என்று அவர் சொல்லிவிட்டதால், அந்த அம்மாவுக்கு இதுதான் கடைசி நடவு போல இருந்தது.

அந்த அம்மா வயலுக்குக் கீழே இன்னொருவர் வயல். அவர் பழைய மாதிரி கொத்துக்கொத்தாக நட்டு, தண்ணீர் தேக்கி வைப்பவர். வாய்க்காலிலிருந்து தண்ணீர் மேல் வயலில் பாய்ந்துதான் அவருக்குப் போக வேண்டும். மேல் வயலைக் காயவிட்டால் கீழ் வயலும் காயும். தினமும் முணுமுணுப்புதான்.

ஒரு நாள் விடியற்காலையில் நான் வரப்பில் வந்தபோது அந்த அம்மாவின் வயல் வெடித்துக் கிடந்தது. நடுவில் விரல் நீளத்துக்கு ஒற்றைப் பயிர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மடையைத் திறந்துவிட்டு மதகுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது பயிர் முழுகி, தண்ணீர் கீழ் வயலுக்கும் வழிந்துகொண்டிருந்தது. மடையை மூடிவிட்டு, நல்லது செய்ததாக நினைத்து வீட்டுக்குப் போனேன்.

எட்டு மணிக்கெல்லாம் வரப்பில் கூட்டம். பயிர் தலை தெரியாமல் நின்றது.

"ராவோட ராவா மடையத் தொறந்துகீறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?" என்று அந்த அம்மா கீழ் வயல்காரரைக் கேட்டார்.

"இந்தாம்மா, வார்த்தைய அளந்து பேசு. எனக்குத் தண்ணி வேணும்னா பகல்ல கேப்பேன். உன் வயல்ல இன்னா கீது தொறக்கறதுக்கு? முடி கொட்டுன தலையாட்டம் அங்க ஒண்ணு இங்க ஒண்ணு."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "வூட்ல இன்னிக்கே நெலத்த வித்துடுன்னுவாரு" என்றார்.

அலுவலர் தன் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். எல்லாரும் கீழ் வயல்காரர் மேல் புகார் சொன்னார்கள். வயல்காரர் முகம் சிறுத்துப்போனது. மண்வெட்டிக் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சார்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"நீயா?" என்றார் அந்த அம்மா.

"வெடிச்சு கெடந்துதும்மா. பாக்க முடியல."

அலுவலர் திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை மடித்து வயலில் இறங்கினார். "தப்பு எம்மேல அண்ணாச்சி. நடுறவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், தண்ணி விடுறவருக்குச் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். மயிரிழை அளவுக்கு வெடித்தால் வேருக்குக் காற்று போகும், அதற்குப் பிறகு லேசாக நனைத்தால் போதும் என்று என்னைக் கூப்பிட்டுத் தொட்டுக் காட்டினார். அதுவரை எந்த ஆபீசரும் என்னிடம் பயிரைப் பற்றிப் பேசியதில்லை. தண்ணீரை உடனே வடித்துவிட்டால் பயிர் பிழைக்கும் என்றார்.

"அப்ப நானும் ஒத்த நாத்துதான் நடணுமா?" என்று கீழ் வயல்காரர் முறைத்தார்.

"உங்க இஷ்டம். புதுசைச் சொல்லிக்கொடுன்னுதான் என்னை அனுப்பியிருக்காக. உங்க நடவை நிறுத்தச் சொல்லி அனுப்பல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேல் வயல்ல கால் வைக்காம கீழ் வயலுக்குத் தண்ணி போக வழி இருக்கா அண்ணாச்சி?"

இருந்தது. வருஷக்கணக்காக எனக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. கிழக்கு வரப்பை ஒட்டி மண்வெட்டியால் கோடு கிழித்துக் காட்டினேன். அந்த அம்மா ஒரு முழ அகலம் விட்டுக்கொடுத்தார். கீழ் வயல்காரர் மண் வெட்ட வந்தார். புது வாய்க்காலின் தலைப்பில் போட, அலுவலர் ஆபீசில் எழுதி வாங்கி ஒரு சிமெண்ட் பைப் கொண்டுவந்தார். வயலில் உருட்டிக் களையெடுக்க அந்த அம்மாவுக்குக் கருவி வந்த அதே நாளில், கீழ் வயல்காரருக்கும் விவசாய டிப்போவில் நுண்ணூட்ட உரம் எழுதிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகும் வெடித்த வயலைத் தாண்டி நடப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கை துறுதுறுக்கும். "போப்பா, போய்க்கினே இரு" என்று கீழ் வயல்காரர் தன் வரப்பிலிருந்து என்னை விரட்டுவார். அவர் கடைசிவரை கொத்து நடவுதான். அலுவலரும் ஒரு நாளும் அவரை வற்புறுத்தவில்லை.

ஒற்றைப் பயிர் ஒவ்வொன்றும் கிளைத்துத் தூர் கட்டிப் பருத்தது. அறுப்பு நாளில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தோடு நேராக வயலுக்கு வந்தார். ஒரு கதிர்க்கட்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அடுத்த போகத்துக்கு எங்க முறை எந்தக் கெழமை வரும்ண்ணா?" என்று கேட்டார்.